மீன் குஞ்சுகளுக்கு வீட்டிலேயே புழு வளர்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்து லயங்களிலும் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் வீடுகளிலும், சண்டைமீனும் கப்பியும் வளர்ப்பவர்கள் ஏராளம். ஆணையும் பெண்ணையும் சேர்த்து முட்டையிட வைப்பதுவரை பெரும்பாலோர் நன்றாகவே செய்துவிடுகிறார்கள். பொரித்த குஞ்சுகள் நூறும் இருநூறுமாக நீந்தத் தொடங்கிய ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் மடிந்துபோவதுதான் வழக்கமாகக் கேட்கும் துயரம். காரணம் பெரும்பாலும் பசி. அந்தப் பசியைத் தீர்க்கும் சிறு புழுக்களைப் பல ஆண்டுகளாக வீட்டில் வளர்த்து வருகிறேன்; அண்டை அயலாரும் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடையில் விற்கும் தூள் தீனி குஞ்சுகளுக்குப் போதாதா?

கப்பிக் குஞ்சுக்கு ஓரளவு போதும். அது பிறக்கும்போதே வாயும் கண்ணும் தேறியதாக, தானே தேடித் தின்னும் நிலையில் பிறக்கிறது. சண்டைமீன் குஞ்சின் நிலை வேறு. முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரித்து, அதன் பின் இரண்டு மூன்று நாள்கள் வயிற்றோடு ஒட்டிய பையிலுள்ள மஞ்சள் கருவை உண்டு, பிறகுதான் குஞ்சு கிடைமட்டமாக நீந்தத் தொடங்கும். அப்போது அதன் உடல் ஒரு கண்ணிமை மயிரின் அளவுதான் இருக்கும். அசையும் பொருளையே அது இரையாகக் கருதும். அசையாமல் மிதக்கும் தூளைப் பார்த்தும் பாராமல் கடந்து போய்விடும். உண்ணப்படாத தூள் அடியில் படிந்து அழுகி நீரைக் கெடுக்கும். பட்டினியால் சாகாமல் தப்பும் குஞ்சை அந்தக் கெட்ட நீர் கொன்றுவிடுகிறது. உயிருள்ள புழு சில மணி நேரமாவது நீருக்குள் நெளிந்துகொண்டிருக்கும் என்பதால், குஞ்சு கண்டுபிடிக்கவும் நேரம் கிடைக்கிறது, நீரும் உடனே கெடுவதில்லை.

கொசுப்புழு இலவசமாகக் கிடைக்கும்போது இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்?

வளர்ந்த மீனுக்குக் கொசுப்புழு அருமையான உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்காக வாளியில் நீர் தேக்கி வைப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். டிங்கி காய்ச்சல் ஆண்டு முழுதும் இருக்கும் நாடு இது. கொசு பெருக இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்படி குற்றமாகும். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது வாளியில் ஒரு புழு நெளிந்தாலும் 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டு நாள் மறந்துவிட்டால் மீனுக்கென வைத்த புழு கொசுவாகி அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். மேலும், புதிதாக நீந்தும் குஞ்சின் வாய்க்குக் கொசுப்புழு மிகப் பெரியது.

கடையில் விற்கும் சாசிங் சூத்ரா நல்லதா?

நீரில் சிவப்பு நூல் உருண்டை போலத் திரண்டு கிடக்கும் அந்தப் புழுவின் பெயர் டியூபிஃபெக்ஸ். மீன்கள் அதை விரும்பித் தின்னும். உடம்பும் விரைவாகத் தேறும். ஆனால் அது இயல்பாக வாழ்வது கழிவு கலந்த சேற்றில். எந்தச் சாக்கடையில் அள்ளியது என்று கடைக்காரருக்கே தெரியாத புழுவைக் குஞ்சுத் தொட்டியில் போடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஓடும் நீரில் இரண்டு மூன்று நாள் அலசி வைத்து, இறந்ததை நீக்கி, வளர்ந்த மீனுக்கு மட்டும் கொடுங்கள்.

நம் ஊர் வெப்பத்துக்கு எந்தப் புழு ஏற்றது?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். தோல்விகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு வெள்ளைப் புழு வாங்கி, பத்தே நாளில் பெட்டி முழுதும் கூழாகிப் போனதைக் காட்டி என்னிடம் வருந்தியவர்கள் பலர். வெள்ளைப் புழு என்னும் என்கைட்ரேயஸ் அல்பிடஸ் ஏறத்தாழ 15 பாகை செல்சியஸில் செழிப்பது. 25 பாகையைத் தாண்டினால் தளர்ந்து சாகும். பகலில் 32, 33 பாகை வரை ஏறும் நம் சமவெளியில், குளிரூட்டி இல்லாமல் அதை வளர்க்க முடியாது. கேமரன் மலையில் வீடு உள்ளவர்கள் தாராளமாக முயலலாம். மற்றவர்கள் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

நமக்கு ஏற்றவை மூன்று. முதலாவது மைக்ரோ புழு. ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. இரண்டாவது வினிகர் புழு. நீளம் ஏறத்தாழ அதே அளவு, ஆனால் இன்னும் மெலிந்தது. மூன்றாவது கிரிண்டல் புழு. இது வெள்ளைப் புழுவின் தங்கை போன்றது, மண்புழுவின் உறவு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை வளரும், வெப்பத்தையும் தாங்கும். முதல் இரண்டும் குஞ்சுகளுக்கு. மூன்றாவது ஒரு மாதம் கடந்த குட்டிகளுக்கும் பெரிய மீன்களுக்கும்.

மைக்ரோ புழுவை எப்படித் தொடங்குவது?

தயிர் தோய்க்க உறை தேவைப்படுவது போல, இதற்கும் முன்பே வளர்த்தவரிடமிருந்து ஒரு கரண்டி தாய்க்கலவை வேண்டும். மீன் வளர்க்கும் நண்பர்களிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இல்லையென்றால் இணையக் கடைகளில் வாங்கலாம்.

மூன்று கரண்டி ஓட்ஸை உப்பும் சீனியும் சேர்க்காமல் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிடுங்கள். சூடு கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் புழு வெந்துவிடும். விரலை வைத்துப் பார்த்து, குளிர்ந்தது என்று உறுதி செய்த பின்னரே அடுத்த வேலை. சாப்பாடு தாப்பாவ் வாங்கும்போது கிடைக்கும் பிளாஸ்டிக் டப்பாவே போதும். கஞ்சியை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை ஒரு சிட்டிகை தூவி, தாய்க்கலவையை நடுவில் வையுங்கள். புழு தின்பது ஓட்ஸை அல்ல. ஓட்ஸில் பெருகும் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும்தான். ஆகவே ஈஸ்ட் போட மறந்தால் வளர்ச்சி தாமதமாகும். மூடியில் ஊசியால் நான்கைந்து துளை இட்டு, பழ ஈ நுழையாதபடி அதன் மேல் மெல்லிய துணியையோ டிஷ்யூத் தாளையோ ஒட்டிவிடுங்கள்.

கஞ்சியின் கெட்டித்தன்மை முக்கியம். சாய்த்தால் ஓடக்கூடாது, கரண்டியில் அள்ளினால் அப்படியே நிற்க வேண்டும். நீர்த்துப் போனால் புழு மூச்சுத் திணறும், சுவரிலும் ஏறாது.

மூன்றாம் நான்காம் நாள் டப்பாவைத் திறந்து, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். காற்றே இல்லாத அறையிலும் கஞ்சியின் மேற்பரப்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். ஐந்தாறு நாளில் புழுக்கள் டப்பாவின் சுவரில் வெள்ளை வேர் போலக் கிளைவிட்டு மேலேறும். அந்தக் கிளைகளைக் கண்டால் அறுவடைக்கு நேரம் வந்துவிட்டது. இந்தப் புழு முட்டையை வெளியே இடுவதில்லை. தாயின் உடலுக்குள்ளேயே பொரித்துக் குட்டிகளாகவே வெளிவருவதால்தான் இத்தனை வேகம். முற்காலத்தில் ஐரோப்பாவில் புத்தகம் கட்டுவோர் பயன்படுத்திய மாவுப்பசை புளித்தபோது அதற்குள் நெளிந்ததும் இதே புழுதான்.

எப்படி எடுத்து, எவ்வளவு கொடுப்பது?

சுவரில் ஏறியதைச் சிறிய ஓவியத் தூரிகையாலோ சுத்தமான விரலாலோ வழித்து, குளோரின் போன நீரில் கலக்கி, சொட்டுக் குழாயால் தொட்டியின் பல இடங்களில் விடுங்கள். கஞ்சியைச் சேர்த்து வழிக்காதீர்கள்; தொட்டிக்குள் போகும் ஓட்ஸ் வேறு யாருக்கும் உதவாமல் அழுகும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக.

அளவை எடைபோட்டுச் சொல்ல முடியாது. தீனி போட்டு அரைமணி நேரம் கழித்துக் குஞ்சுகளைப் பக்கவாட்டில் பாருங்கள். வயிறு வெண்மையாகப் புடைத்திருந்தால் போதுமானது. எல்லாக் குஞ்சுக்கும் வயிறு புடைத்த பின்னும் அடியில் புழு மூடையாக நெளிந்தால் அளவு மிகுதி. மைக்ரோ புழு நீரில் அடியில் இறங்கிவிடும். ஒரு நாளுக்குள் இறந்தும் போகும். ஆகவே குஞ்சுத் தொட்டியில் மணல் போடாமல் வெறும் தரையாக விடுவதும், நீர் மட்டத்தை ஒரு சாண் உயரத்துக்குள் வைத்திருப்பதும் நல்லது. அடியில் படிந்ததைக் காற்றுக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு குளோரின் போன நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

இந்த ஒரே புழுவை மட்டும் வாரக் கணக்கில் கொடுக்க வேண்டாம். முதல் நாள்களில் வினிகர் புழு, பிறகு மைக்ரோ புழு, வசதி இருந்தால் ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) குஞ்சு என்று மாற்றிக் கொடுத்த தொட்டிகளில்தான் குட்டிகள் ஒரே சீராக வளர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

டப்பாவில் வாடை வருகிறதே, கெட்டுவிட்டதா?

தோசை மாவு புளித்த வாடை என்றால் எல்லாம் சரி. மூக்கைத் துளைக்கும் அழுகல் வாடையோ, மேற்பரப்பு பழுப்பாகி நீர் விட்டிருப்பதோ தெரிந்தால் வளர்ப்பு முதிர்ந்துவிட்டது. குளிர்நாட்டில் ஒரு டப்பா ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும். நம் ஊரில் இரண்டு வாரம்தான் கணக்கு. டப்பா கெட்ட பின் புதியது தொடங்குவோம் என்று காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு புது டப்பா தொடங்கி, மூடியில் தேதி எழுதி வைக்கிறேன். இரண்டு டப்பா ஓடிக்கொண்டிருக்க, மூன்றாவது முளைத்துக்கொண்டிருக்கும். ஒன்று கெட்டாலும் குஞ்சுகள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடப்பதில்லை.

வினிகர் புழுவை வளர்ப்பது கடினமா?

மூன்றிலும் இதுவே எளிது. ஆப்பிள் வினிகரும் குளோரின் இல்லாத நீரும் சரிபாதியாகக் கலந்து, ஓர் ஆப்பிள் துண்டு போட்டு, தாய்க்கலவை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி அலமாரி மூலையில் வைத்துவிடுங்கள். பல மாதங்கள் தொட வேண்டாம். உணவுக் கடைகளில் மேசை மீது இருக்கும் செயற்கை வினிகர் இதற்கு ஆகாது. புழு தின்னும் நுண்ணுயிர்கள் பழ வினிகரில்தான் பெருகும். 1665இலேயே ராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய புழு இது.

எடுக்கும் முறைதான் கொஞ்சம் நுட்பமானது, ஏனெனில் வினிகரோடு தொட்டியில் ஊற்ற முடியாது. கழுத்து நீண்ட கண்ணாடிப் புட்டியில் கழுத்தின் அடிப்பகுதி வரை வினிகர்க் கலவையை ஊற்றி, வடிகட்டிப் பஞ்சைத் திணித்து, அதன் மேல் நல்ல நீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே காற்று குறையும்போது புழுக்கள் பஞ்சைத் துளைத்து மேலே வரும். மறுநாள் காலையில் புட்டியின் கழுத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், தெளிந்த நீருக்குள் மிக நுண்ணிய வெள்ளி இழைகள் துடிப்பது தெரியும். அந்த நீரை மட்டும் சொட்டுக் குழாயால் எடுத்துக் கொடுக்கலாம். வினிகர் புழு அடியில் இறங்காமல் நீர் முழுதும் நீந்தும், நல்ல நீரிலும் சில நாள்கள் உயிரோடிருக்கும். மேல்மட்டத்திலேயே சுற்றும் முதல் வாரக் குஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமான இரை வேறில்லை என்பது என் முடிவு. வேலைக்குப் போய் இரவுதான் திரும்புகிறவர்களுக்கும் இதையே முதலில் சொல்வேன்.

கிரிண்டல் புழுவுக்கு மண் தேவையா? தோட்டத்து மண்ணை எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் களைக்கொல்லி தொடர்ந்து அடிக்கப்பட்டு வந்திருக்கிறது. பாராகுவாட் 2020 முதல் தடை செய்யப்பட்டிருந்தாலும் மற்ற மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. அந்த மண்ணில் புழு பிழைத்தாலும், அதைத் தின்னும் மீனுக்கு என்ன நேரும் என்று யாரும் பொறுப்பேற்க முடியாது. அதே காரணத்தால் அங்கே தோண்டிய மண்புழுவையும் மீனுக்குக் கொடுக்காதீர்கள்.

பூச்செடிக் கடையில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூளே சிறந்தது. உப்பு போக மூன்று நான்கு முறை நீர் மாற்றி அலசி, கொதிநீர் ஊற்றி ஆறவைத்துப் பிழியுங்கள். கைப்பிடியை இறுக்கினால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். மூடியுள்ள டப்பாவில் மூன்று விரல் உயரத்துக்கு நிரப்பி, புழுவை விட்டு, ஊறவைத்த பூனைத் தீனி இரண்டு மூன்று மணியை மேலே வைத்து, அதன் மேல் ஒரு சிறு கண்ணாடித் துண்டையோ பிளாஸ்டிக் தகட்டையோ படுக்க வையுங்கள். புழுக்கள் தீனியைச் சூழ்ந்து அந்தத் தகட்டின் அடியில் திரளும். தகட்டை எடுத்து நீரில் அலசினால் மண்ணே ஒட்டாத சுத்தமான புழு கிடைக்கும்.

முதல் மாதம் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். முட்டைக் கூடுகள் பொரித்து, குட்டிகள் வளர்ந்து, அவை மறுபடி முட்டையிட வேண்டுமல்லவா? அந்த ஒரு மாதமும் தீனியைக் குறைவாகவே வையுங்கள். மறுநாளைக்குள் தின்று தீர்க்காத தீனியில் பூஞ்சை படரும். பூஞ்சையைத் தொடர்ந்து உண்ணி வரும். ஸ்வீடன் நாட்டில் இந்தப் புழுவை முதலில் தனியாகப் பிரித்து வளர்த்த குடும்பத்தின் பெயர்தான் இதற்கு வழங்குகிறது.

தகரக் கூரை வீட்டில் நடுப்பகலில் தாங்குமா?

கூரைக்கு அருகிலுள்ள பலகையிலோ குளிர்சாதனப் பெட்டியின் மேலோ வைத்தால் தாங்காது. சிமெண்டுத் தரையில், சுவர் மூலையில், கட்டிலுக்கு அடியில் வையுங்கள். அறையில் மிகக் குளிர்ந்த இடம் அதுதான். வறண்ட மாதங்களில், அகன்ற மண்சட்டியில் ஈர மணல் பரப்பி அதன் மேல் டப்பாவை வைப்பதும் இரண்டொரு பாகை குறைய உதவும்.

எறும்பையும் உண்ணியையும் எப்படித் தடுப்பது?

ஒரு தீபாவளிக்கு நாங்கள் மூன்று நாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது, ஐந்து மாதமாக வளர்த்த கிரிண்டல் பெட்டியிலிருந்து சுவர் ஓரமாகச் சின்னச் சிவப்பெறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைத் துணுக்கு. பெட்டிக்குள் ஒரு புழுகூட மிச்சமில்லை. அன்று முதல் என் டப்பாக்கள் அனைத்தும் தட்டில் நீர் ஊற்றி, அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின் மேல்தான் இருக்கின்றன. திரவம் நீரின் மேற்பரப்பைத் தளர்த்துவதால் எறும்பு நடந்து கடக்க முடியாது. டப்பா சுவரைத் தொடாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு நூல் தொங்கினாலும் எறும்புக்கு அது பாலம்.

உண்ணி, மணல் துகள் போலத் தீனியின் மேல் ஊரும். தொடக்கத்திலேயே கண்டால், டப்பாவில் நீர் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். உண்ணிகள் மிதக்கும், கிரிண்டல் புழு நீருக்குள் உயிரோடிருக்கும். மிதப்பதைச் சரித்து ஊற்றிவிட்டு, நார்த்தூளைப் பிழிந்து, புது டப்பாவுக்கு மாற்றுங்கள். பூச்சி மருந்தை அந்த அறையிலேயே அடிக்கக் கூடாது.

பிள்ளைகள் தொட்டால் நோய் வருமா?

வராது. இவை ஒட்டுண்ணிகள் அல்ல. மனிதர் வயிற்றிலோ மீன் வயிற்றிலோ குடியிருக்க இவற்றால் இயலாது. தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

புரட்டாசியில் சைவம் காக்கும் வீட்டில் இதை வைத்திருக்கலாமா?

என் அம்மா கேட்ட கேள்வி இது. இன்றும் பல வீடுகளில் பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் செய்வதே முறை. சாமி அறைக்கும் சமையல் மேடைக்கும் தள்ளி, வீட்டின் பின்கட்டில் டப்பாக்களை வையுங்கள். வீட்டுக் கரண்டியைப் பயன்படுத்தாமல் இதற்கென்று ஒன்று ஒதுக்குங்கள். பெரிய மீன்களுக்கு அந்த மாதம் வெறும் உருண்டைத் தீனி கொடுத்தாலும் குறை வராது. ஆனால் குஞ்சுகள் இருக்கும்போது நிறுத்த முடியாது. ஆகவே புரட்டாசி முடிந்த பிறகு மீனை முட்டையிட விடுவதே நல்லது. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

காட்டுச் சண்டைமீன் குஞ்சுகளுக்கும் இதே முறைதானா?

வயல்களிலும் சதுப்பிலும் வாழும் பெட்டா இம்பெல்லிஸ் நுரைக்கூடு கட்டும் மீன். அதன் குஞ்சு சிறியது, மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். மலை ஓடைகளில் இருக்கும் பெட்டா புக்னாக்ஸில் தந்தை முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். அது வெளியே விடும் குஞ்சுகள் பெரியவை, முதல் நாளிலேயே மைக்ரோ புழுவைத் தின்னும்.

பெரிய மீனுக்குத் தினமும் கிரிண்டல் புழு கொடுக்கலாமா?

வேண்டாம். கொழுப்பு மிகுந்த உணவு அது; வாரத்துக்கு இரண்டு முறை போதும். முட்டையிட ஆயத்தப்படுத்தும் பெண் மீனுக்கு மட்டும் பத்து நாள் தொடர்ந்து கொடுக்கலாம்.

முதிர்ந்த டப்பாவை என்ன செய்வது?

சாக்கடையிலோ ஓடையிலோ கொட்டாமல், புதியதற்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்ட பின் மிச்சத்தைப் பூச்செடித் தொட்டியில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிடுங்கள், நல்ல உரமாகும். டப்பாவைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, சோப்பின் வழவழப்பு போக இரண்டு முறை அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக இருக்கும்.